பிடுங்கிய நகம் மறுபடியும் குத்துகிறது

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கும்பகோணம் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பட்டறை வகுப்புக்கு ஷூ கட்டாயம் என்பதால் அவனுடைய பெரியப்பா மகன் போட்டுவிட்டுக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு போகிறான். மூன்று வருடங்களாக வலது கால் கட்டைவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் குத்தி, சீழ் வைப்பதும் ஆறுவதுமாக இருக்கிறது. போன வருடத் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். தொல்லை விட்டது என்று நினைத்தோம். நகம் முழுதாக வளர்ந்ததும் மறுபடியும் அதே இடத்தில் குத்துகிறது. இந்த மாதம் நண்பர்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்ததிலிருந்து, ஓரத்தில் சிவப்பாகச் சதை துருத்திக்கொண்டு தொட்டாலே ரத்தம் வருகிறது. மூன்று முறை ஆன்டிபயாடிக் மாத்திரை முடித்துவிட்டான். இப்போது பார்த்த டாக்டர், ஓரத்து நகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேரில் ஆசிட் வைக்க வேண்டும் என்கிறார். ஆசிட் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டால் போதும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்? இன்னொன்று. என் கணவருக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. அவருக்கும் இடது கட்டைவிரல் நக ஓரம் கறுத்து நீர் கசிகிறது. வலிக்கவே இல்லை, சம்பா நடவு முடியட்டும் என்கிறார். அவருக்கும் இதே வைத்தியம் ஆகுமா?
— ஒரு வாசகி, வலங்கைமான் வட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் மகனுக்குப் பத்து வரி, கணவருக்கு மூன்று வரி. நான் அந்த மூன்று வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மகன் இன்னும் இரண்டு வாரம் நொண்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாலும் அவன் விரலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கணவர் விரலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

நகம் சதையைக் கிழித்து நீர் கசிகிற விரல் வலித்தே தீர வேண்டும். போர்வை நுனி பட்டால்கூடச் சுள்ளென்று இழுக்க வேண்டும். வலிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், தகவல் சொல்ல வேண்டிய நரம்பு வேலையை விட்டுவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நெடுநாள் சர்க்கரை செய்கிற வேலை அது. பாதத்து உணர்ச்சி மெல்லமெல்ல மரத்துப்போகும். கூடவே காலுக்கு வரும் ரத்தக் குழாய்களும் அடைபட்டிருக்கலாம். வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி என்னிடம் வந்திருந்தார். பாதத்தில் கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளே கிடந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் பாயைச் சுருட்டும்போது கறையைப் பார்த்துவிட்டு மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தார். ‘வலி இல்லையே டாக்டர்’ என்று அவரும் சொன்னார்.

அதனால் கணவரை நடவு முடியும்வரை விட்டுவைக்காதீர்கள். நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள். கும்பகோணம் அரசு மருத்துவமனையோ, தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோ, எது கைக்கெட்டுகிறதோ அது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிற பெண்மணி உங்கள் ஊருக்கும் வருவார் என்று நினைக்கிறேன். அவரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பாமல் காலையும் காட்டச் சொல்லுங்கள்.

அங்கே என்ன பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பார்க்காவிட்டால் நீங்களே கேட்கலாம். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பைப் போன்ற ஓர் இழை இருக்கிறது. அது வளைகிற நேரத்தில் 10 கிராம் அழுத்தம் தரும்படி செய்யப்பட்டது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாக அதனால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று. கசிவு எத்தனை நாளாக என்று உங்களுக்கே தெரியாததால், எலும்புக்குச் சீழ் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஓர் எக்ஸ்ரே. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால், மகனுக்குச் சொன்ன அதே சிகிச்சையை அவருக்கும் தாராளமாகச் செய்யலாம். சர்க்கரை என்ற பெயருக்காக மட்டும் யாரும் மறுக்க வேண்டியதில்லை. நாடி கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. ரத்தம் வராத விரலில் நாம் உண்டாக்குகிற புண் ஆறாது. முதலில் ரத்தக் குழாய் மருத்துவர், பிறகுதான் நகம்.

அதுவரை சேற்றில் கால் வைக்கவே கூடாது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, புரட்டாசியில் ஒரு விவசாயியிடம் சொல்கிற பேச்சா இது? கம்பூட் போட்டுக்கொண்டு இறங்குங்கள் என்று நகரத்து மருத்துவர் யாராவது எழுதுவார். நம் களிமண் சேற்றில் கம்பூட்டோடு இறங்கியவர் மட்டும்தான் கரையேறுவார். கம்பூட் வயலிலேயே நிற்கும். ஆனாலும் சொல்கிறேன்: இந்த வருடம் அவர் வரப்பில் நிற்கட்டும். திறந்த புண் வழியாகச் சேற்றுக் கிருமி மட்டும் ஏறுவதில்லை, எலிக்காய்ச்சலும் ஏறும். தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைப்பது, பிளேடால் ஓரத்தைச் சீவுவது இரண்டும் அவருக்கு ஆகாது. உணர்ச்சியில்லாத காலுக்குக் கொதிநீரும் குளிர்நீரும் ஒன்றுதான், தோல் உரிந்த பிறகுதான் தெரியும். விரலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், விரல் நிறம் மாறினால், அன்று ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.

இனி மகன்.

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் என் அறைக்கு வருகிற கட்டைவிரல்களைப் பார்த்தே வேளாங்கண்ணித் திருவிழா முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை சாரை சாரையாக நடப்பவர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடும், மீதிப் பேர் யாரிடமோ இரவல் வாங்கிய ஷூவோடும் போகிறார்கள். வெறுங்காலில் போனவர்களுக்குக் கொப்புளம். ஷூவில் போனவர்களுக்கு நகம். உங்கள் மகன் இரண்டாவது ரகம் என்பது என் ஊகம்.

சதைக்குள் நகம் குத்துகிற இந்த நோயைப் பலரும் நகச்சுற்று என்கிறார்கள். இரண்டும் வேறு. நகச்சுற்று பெரும்பாலும் கைவிரலில், நகத்தைச் சுற்றிய தோலில் கிருமி புகுந்து வீங்குவது. சீழை வெளியேற்றிவிட்டால் சில நாட்களில் ஆறிவிடும். உங்கள் மகனுக்கு இருப்பது நகத்தின் ஓரமே சதையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நிற்பது. உடம்பைப் பொறுத்தவரை அந்த ஓரமும் காலில் ஏறிய மீன்முள்ளும் ஒன்றுதான். முள்ளை உள்ளே வைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்? நாலு நாள் சீழ் வற்றும், மாத்திரை நின்றதும் திரும்பும். மூன்று முறை ஆன்டிபயாடிக் தோற்றதற்கு மாத்திரையின் மீது பழி இல்லை. சிவப்பு பாதத்தின் மேல் ஏறினால், காய்ச்சல் இருந்தால், சர்க்கரை நோயாளியாக இருந்தால் அதற்கு வேலை உண்டு. மற்றபடி முள்ளை எடுத்தால் அதுவே ஆறும்.

அந்த முள் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒவ்வொரு முறையும் காட்டுவேன். எடுத்த நகத் துண்டைக் கழுவி வெள்ளைத் துணியில் வைத்தால், ஓரத்தில் ஒரு கொக்கி தெரியும். ஓர் அரிசி நுனி அளவுதான். நகத்தின் மூலையை வளைத்து வெட்டும்போது, நகவெட்டி எட்டாத ஆழத்தில் விட்டுப்போன துண்டு அது. வெட்டிய அன்று வலி குறையும், ஏனென்றால் குத்திய நுனி போய்விட்டது. நகம் வளர வளர அந்தக் கொக்கி சதைக்குள் முன்னேறும். மறுபடி வலிக்கும், பையன் மறுபடி மூலையைத் தோண்டுவான். உங்கள் மகன் நகவெட்டியோடு தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று ஒரு நாள் பாருங்கள். இதோடு குறுகிய ஷூ, கால் வியர்வை, பிறவியிலேயே ஓரம் வளைந்த நகம், பந்தாட்டத்தில் பட்ட மிதி என்று எதுவும் சேர்ந்துகொள்ளலாம். இந்த வயதுப் பையன்களுக்கு அதிகம் வருவது அதனால்தான்.

இதை நாங்கள் மூன்று நிலையாகப் பிரிக்கிறோம். சிவந்து வீங்கி வலிப்பது முதல் நிலை. சீழும் நீரும் கசிவது இரண்டாவது. சிவப்புச் சதை நகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தொட்டால் ரத்தம் விடுவது மூன்றாவது. உங்கள் மகன் மூன்றாம் நிலையில் இருக்கிறான். இந்த நிலையில் வீட்டு வைத்தியம் பேசுவது காலவிரயம்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கிற வேறு வீடுகளில் முதல் நிலை விரல்கள் இருக்கும், அவர்களுக்காக ஒரு பத்தி. சர்க்கரை இல்லாதவர்கள், வெதுவெதுப்பான நீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டு நாளைக்கு இரண்டு மூன்று வேளை பதினைந்து நிமிடம் காலை வைக்கலாம். எப்சம் உப்பு தேடி அலைய வேண்டாம், வேதாரண்யத்து உப்பு போதும். நகம் ஊறி மிருதுவானதும், நூல் திரித்தது போன்ற சிறு பஞ்சை நக ஓரத்துக்கு அடியில் நுழைத்துச் சற்றுத் தூக்கிவிட வேண்டும். தினமும் புதுப் பஞ்சு. பிளாஸ்திரியின் ஒரு முனையை நகத்துக்குப் பக்கத்துச் சதையில் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து, விரலைச் சுற்றி மறுமுனையை ஒட்டுவது இன்னொரு வழி. காசில்லாத வைத்தியம், பொறுமைதான் வேண்டும். மருத்துவமனையில் இதற்கு ஒரு படி மேலே, குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் சிறு துண்டை நறுக்கி, நீளவாக்கில் கீறி, நகத்தின் ஓரத்தில் உறை மாதிரி மாட்டிவிடுவோம். கூரான ஓரம் சதையைத் தொடாமல் குழாய்க்குள் வளரும். மிக மலிவான இந்த வித்தையை நான் வெகுவாக மதிக்கிறேன். வளைந்த நகத்தைக் கம்பியோ பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டி மெல்ல நிமிர்த்துகிற, பல்லுக்குக் கிளிப் போடுவது போன்ற முறையும் உண்டு. அதற்கு மாதக்கணக்காகும், நம் பக்கத்தில் செய்கிறவர்களும் குறைவு.

இனி, போன வருடம் நடந்தது. முழு நகத்தையும் எடுத்தார்களே, அது ஏன் தோற்றது? நகம் முளைப்பது விரல் தோலுக்கு அடியில், நீங்கள் பார்க்கிற நகத்தின் பின்பக்கம் மறைந்திருக்கும் வேரிலிருந்து. மேலே உள்ள தகட்டைப் பிடுங்குவது புல்லை மேலாக அறுப்பது போல. அதே அகலத்தில், அதே வளைவில் திரும்ப வரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும் என்பதால் கட்டைவிரல் நகம் முழுதாக வர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த நாட்களில் மேலே அழுத்த நகம் இல்லாமல் விரல் நுனிச் சதை எழும்பிவிடும். புது நகம் வந்து அந்தச் சுவரில் முட்டும். வேரைத் தொடாமல் நகத்தை மட்டும் பிடுங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்பியதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்கள் மகனுக்குச் செய்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை. பயிற்சிக் காலத்திலும் அதற்குப் பிறகு சில வருடங்களும் நானே வாரத்துக்கு நாலைந்து நகம் பிடுங்கியிருக்கிறேன். ஐந்து நிமிட வேலை, நோயாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து அதே ஆள் வெளியே பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். இவருக்கு உடம்பு வாகு அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதே நகத்தை மறுபடியும் பிடுங்குவேன். வேரை விட்டுவிட்டோம் என்று உறைக்க எனக்கு வருடங்கள் ஆயின.

இப்போது உங்களுக்கு டாக்டர் சொன்னது சரியான சிகிச்சை. என் மகனாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பாதி பயம் போய்விடும்.

விரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஒரு நிமிடம் வலிக்கும், நன்றாகவே வலிக்கும். வலிக்காது என்று சொல்லிப் பையனை ஏமாற்றாதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தில் விரல் கட்டையாகிவிடும். கையுறையின் ஒரு விரலை நறுக்கி வளையமாக உருட்டி விரலின் அடியில் ஏற்றிவிட்டால் ரத்தம் நிற்கும். குத்துகிற பக்கத்தில் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும், நுனியிலிருந்து வேர்வரை நகத்தை நீளவாக்கில் வெட்டி, இடுக்கியால் பிடித்துச் சுருட்டி இழுப்பார்கள். வெளியே வருகிற துண்டின் பின் நுனி வெள்ளையாக, ஊறவைத்த பருப்பின் தோல் போல மெல்லிசாக இருக்க வேண்டும். அது வந்தால்தான் வேர்வரை வந்திருக்கிறது என்று பொருள். அடுத்ததுதான் உங்களைப் பயமுறுத்திய ஆசிட்.

அதன் பெயர் பீனால், பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் புண்ணில் கிருமி அண்டாமல் இருக்கப் பயன்படுத்தியது இதைத்தான். கார்பாலிக் சோப்பின் வாடை உங்களுக்குத் தெரியுமே, அதன் மூலமும் இதுவே. அமிலம் என்ற கணக்கில் எலுமிச்சைச் சாறைவிடப் பலவீனமானது. ஆனால் பட்ட இடத்துச் சதையை, கொதிநீரில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பது போல, உறைய வைத்துவிடும். ஆகவே சாது என்றும் நினைக்க வேண்டாம். 80 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள அந்தத் திரவத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு, சுற்றுத் தோலுக்கு வாசலின் பூசிக் காத்துக்கொண்டு, நகத் துண்டு இருந்த குழிக்குள் வேர்ப்பக்கம் வைத்துத் தேய்ப்பார்கள். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். அந்த ஓரத்து வேர் மட்டும் கருகி, அங்கே இனி நகம் முளைக்காது. பீனாலே நரம்பு நுனிகளை மரக்கச் செய்வதால், ஊசியின் மரப்பு தெளிந்த பிறகும் வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கழுவி, வளையத்தை மறக்காமல் கழற்றி, பெரிய கட்டாகப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் அரை மணி நேரம். துருத்திய சதையை அப்போதே சுரண்டிவிடுவார்கள், அல்லது முள் போனதும் அதுவே வற்றும். நகம் சரியான பிறகும் வற்றாமல் நிற்கிற சதையை மட்டும் துண்டெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அபூர்வமாகத் தோல் புற்று இப்படி வேஷம் கட்டி வருவதுண்டு.

நகம் போய்விடுமா என்று நீங்கள் கவலைப்படலாம். போகாது. கொஞ்சம் ஒடுங்கும். கல்யாணத்தில் மெட்டி போட வருகிறவர்களுக்குக்கூடத் தெரியாது, அவன் ஆண்பிள்ளை வேறு.

இந்தப் பீனால் முறை 1940களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2012இல் வெளியிட்ட தொகுப்பாய்வு பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நகத்தை மட்டும் எடுப்பதைவிடப் பீனாலும் சேர்த்தால் நோய் திரும்புவது குறைகிறது என்ற முடிவுக்கு வந்தது. திரும்பவே திரும்பாது என்று எழுதிக் கொடுக்க முடியாது. வேரின் ஒரு மூலை தப்பினால் ஓரத்தில் ஊசி போல ஒரு நகத் துணுக்கு முளைக்கலாம்; அதை மறுபடி அதே வழியில் எடுக்கலாம். விலை என்னவென்றால், ரசாயனத்தால் வெந்த புண் என்பதால் இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட, மஞ்சளாக நீர் கசியும். சீழ் என்று பயந்து மாத்திரைக்கு ஓடாதீர்கள். வலி கூடினால், சிவப்பு பரவினால் மட்டும் காட்டுங்கள்.

வேறு வழிகள் இல்லையா என்றால், உண்டு. வேரோடு சேர்த்துச் சதையையும் ஆப்பு வடிவில் வெட்டித் தையல் போடுவது பழைய முறை. நல்ல கையில் நன்றாக வரும், ஆனால் வலி அதிகம். மின்சாரத்தால் சுடுவது, ரேடியோ அலை, லேசர் எல்லாம் அதே வேரைக் கருக்குகிற வேலையைத்தான் செய்கின்றன. லேசர் என்ற சொல்லுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது, அவ்வளவுதான் என் அபிப்பிராயம். எனக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு. 1959இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், குற்றவாளி நகமே அல்ல, நகத்தின் மேல் வந்து மோதுகிற சதைதான் என்று எழுதினார்கள். நகத்தைத் தொடாமல் ஓரத்துச் சதையைத் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டு, தையலின்றி ஆறவிடுவது அவர்கள் முறை. சதை மிகப் பருத்த விரல்களில் அது அழகாக வேலை செய்கிறது. திறந்த புண் ஆறும்வரை வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. உங்கள் மகனுக்குப் பீனாலே போதும், இரண்டு வருடத்தில் திரும்பினால் இதைப் பற்றிப் பேசலாம்.

மாமியாரிடம் கோபப்பட வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பீனால் இல்லாத இடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை வைத்து நாங்களும் வேரைக் கருக்குவதுண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு அந்தக் காரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் நகத்தை எடுத்துவிட்டு வேரில் வைக்கிறோம். அவர் நகத்தை உள்ளேயே விட்டுவிட்டு வெளித் தோலில் பூசுகிறார். முள் அப்படியே இருக்க, தோல் வேகும். மஞ்சளின் சிவப்பு புண்ணின் சிவப்பையும் மறைத்துவிடும். எலுமிச்சம்பழத்தை விரலில் செருகுவதும் வேண்டாம், திறந்த புண் ஊறி நைந்துபோகும். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி வைத்துக் குணம் கண்ட குடும்பமாக இருந்தால், அதுவும் இதுவும் வேறு என்று மட்டும் சொல்லுங்கள்.

சிகிச்சை அன்று பையன் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. முன்பக்கம் திறந்த செருப்பு போட்டு வரட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், மரத்துப்போகும் ஊசி ஒவ்வாது என்றால், கர்ப்பிணியாக இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். பையனுக்கு இவை பொருந்தா, கணவருக்கு முதலாவது பொருந்தலாம். அன்று முழுக்கக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருக்கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஓரிரு நாளில் முதல் கட்டைப் பிரிப்பார்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிரியுங்கள். பிறகு தினமும் உப்பு நீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, சின்னக் கட்டு. கட்டின் மேல் காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு திரிகிறார்கள் சிலர். குளிக்கும்போது மட்டும் கட்டலாம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் புண் மூடிவிடும்படி இப்போதே செய்துகொள்வது நல்லது. துலா மாதத்தில் மயிலாடுதுறைக்குப் போய்க் காவிரியில் முழுக வேண்டும் என்று வீட்டில் திட்டம் இருந்தால், இவன் இந்த வருடம் படித்துறையில் துண்டோடு நிற்கட்டும்.

பட்டறை ஷூவுக்கு இரண்டு மூன்று வாரம் விடுப்பு வேண்டும் என்று டாக்டரிடமே சான்று எழுதி வாங்கிக் கொடுங்கள். இரும்பு மூக்கு வைத்த ஷூவாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக் கேளுங்கள். வெறும் செருப்போடு பட்டறையில் நிற்க விடாதீர்கள், அந்த விதி சரியான விதி. நகத்தை இனி குளித்து முடித்து மிருதுவாக இருக்கும்போது நேராக வெட்ட வேண்டும், மூலைகள் சதைக்கு வெளியே தெரியும்படி. மூலையைத் தோண்டுகிற பழக்கம் போகாவிட்டால் மறுபக்கத்து ஓரம் அடுத்த வருடம் என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்.

பெரியப்பா மகனின் ஷூவுக்கு வருகிறேன். பையனை ஒரு செய்தித்தாளின் மேல் எழுந்து நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, கோட்டின் மேல் வெட்டி எடுங்கள். ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து அந்தக் காகிதப் பாதத்தை அதன் மேல் வையுங்கள். அட்டையைத் தாண்டிக் காகிதம் எந்த இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் புது ஷூ வாங்க வேண்டியதுதான். கட்டு பிரிந்த பிறகு, சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். அந்தக் காகிதத்தையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.